பனிச்சாலை உப்பும் தென்பெண்ணை நீரும்



கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பணிபுரியும் மக்களைக் காண்பதற்காகக் குளிர்காலத்தில் அங்குச் செல்லும் பெற்றோர், வீட்டு வாயிலில் கழற்றிவைத்த காலணிகளின்மீது வெண்ணிறக் கோடுகள் படிந்திருப்பதைக் காண்பர். பனி காய்ந்த தடமென்றே முதலில் எண்ணத் தோன்றும். பனி காய்ந்தால் தடம் விடாது. அது உப்பு. சமையலறைக் குடுவையிலுள்ள அதே உப்பு, அவ்வளவு தூய்மையின்றி, கல்லும் மண்ணும் கலந்த நிலையில் அந்நகரச் சாலைகளில் தூவப்படுகிறது. ஒரு குளிர்காலத்தில் அந்நகராட்சி மட்டும் நூறாயிரம் டன்னுக்கு மேல் தூவுகிறது.

உப்பை ஏன் தூவவேண்டும்? தூய நீர் சுழியம் பாகையில் உறையும். அதில் உப்புக் கரைந்திருந்தால், உறைவதற்கு இன்னும் மிகுந்த குளிர் வேண்டும். ஆதலால் உப்புப் பட்ட பனிக்கட்டி இளகி நீராகிச் சாலையைவிட்டு ஓடுகிறது, சக்கரம் வழுக்குவதில்லை. இதற்கும் ஓர் எல்லை உண்டு. உப்புநீர் எவ்வளவு செறிவாயிருப்பினும் சுழியத்துக்குக் கீழ் 21 பாகையில் உறைந்துவிடும். நடைமுறையிலோ 9 பாகைக்குக் கீழே குளிர் இறங்கியதும் உப்பின் வேகம் குன்றுகிறது. அவ்வேளையிலும் அச்சத்தால் மேலும் மேலும் கொட்டுவோர் பலர். கொட்டிய உப்பு பனியை உருக்காமல் அப்படியே கிடந்து, வெயில் வந்ததும் ஒருங்கே ஓடையில் இறங்கும்.

இவ்வழக்கம் தொன்மையானதும் அன்று. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 1938இல் சோதனை முறையில் தொடங்கியது. 1941–42 குளிர்காலத்தில் அந்நாட்டு நெடுஞ்சாலைகள் முழுமைக்கும் தூவப்பட்டது 5,000 டன் மட்டுமே. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். இவ்வளவு உப்பும் நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து பெரும்பாலும் பாறையுப்பாக வெட்டியெடுக்கப்படுகிறது. கனடாவின் கோடரிச் என்னும் ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில், 500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உலகின் மிகப் பெரிய உப்புச் சுரங்கம் இயங்குகிறது. ஓசூரை அடுத்த தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைக்கும் வழக்கமுண்டு; மெய்யான இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கம் 1844 முதல் இருந்துவருகிறது. அந்நாட்டுச் சாலைகளுக்கு உப்பு வழங்குவதே இன்று அதன் முதன்மைப் பணி.

நெல்லுக்கு ஈடாக உப்பை மாற்றிக்கொடுத்த உமணரின் வண்டிகளைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. 1930 ஏப்பிரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்தது கைப்பிடி உப்புக்காக. அந்நினைவுடைய மக்களுக்கு, உப்பைச் சாலையில் வாரியிறைக்கும் காட்சி சற்று உறுத்தவே செய்யும். ஆயினும் விலையை எண்ணி உறுத்துவது வேறு. இங்கு ஆராயத்தக்கது, கொட்டிய உப்பு எங்கே போகிறது என்பதே.

உணவுக் கழிவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும். சாயமும் சவர்க்காரமும் நாளடைவில் ஓரளவு சிதையும். உப்பிலுள்ள குளோரைடைச் சிதைப்பது எதுவுமில்லை. மண் அதைப் பற்றிக்கொள்வதில்லை. செடி சிறிதே ஏற்கும். கொதிக்கவைத்தால் நீர் போகும், உப்பு மிஞ்சும். ஓடையில் கலந்தது ஆற்றுக்குப் போகும், நிலத்தில் இறங்கியது கிணற்றுக்குப் போகும். நிலத்தடி நீர் மெல்ல நகர்வது. ஆதலால் சென்ற தலைமுறை தூவிய உப்பு இந்தத் தலைமுறையின் கிணற்றில் தலைகாட்டுவதுண்டு. தூவுவதை இன்றே நிறுத்தினாலும் கிணறு உடனே இனிக்காது.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரக் கதை ஓசூர் மக்கள் கேட்கவேண்டிய ஒன்று. ஃபிளின்ட்டும் மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்த ஊர். 2014 ஏப்பிரலில், செலவைக் குறைக்கும் பொருட்டு, ஹியூரான் ஏரி நீரை விடுத்து ஃபிளின்ட் ஆற்று நீரைக் குடிநீராக்கினர். ஆற்று நீரில் குளோரைடு ஏரி நீரைக் காட்டிலும் பல மடங்கு இருந்தது. சாலை உப்பு அதற்கு ஒரு காரணம். சுத்திகரிப்பின்போது சேர்த்த வேதிப்பொருள் மற்றொன்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்நீர் எஞ்சின் உறுப்புகளை அரிக்கிறது என்று கூறி அதனைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. இரும்பை அரித்த அதே நீரை மக்கள் மேலும் ஓராண்டு குடித்தனர். அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாமையால் பழைய குழாய்களின் ஈயம் நீரில் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியது. உப்பு நேரே நஞ்சாகவில்லை. பூட்டியிருந்த நஞ்சைத் திறந்துவிட்டது.

உப்பு இரும்புக்குச் செய்வது யாதென்பதை ஓசூர்த் தொழிலாளர் நன்கறிவர். வண்டி உறுப்புகளுக்கு முலாம் பூசும் பட்டறைகளிலும் வண்ணம் பூசும் கூடங்களிலும் உப்புமூட்டச் சோதனைப் பெட்டி என்று ஒன்று இருக்கும். 100 பங்கில் 5 பங்கு உப்புக் கரைந்த நீரை 35 பாகை வெம்மையில் மூடுபனிபோல் உள்ளே தெளித்துக்கொண்டேயிருப்பர். அதில் 96 மணி நேரம், சிலவேளை பல நூறு மணி நேரம், ஒரு திருகாணியோ தாங்கியோ கிடக்கும். துரு பூத்தால் அந்தத் தொகுதி தள்ளுபடி. கடற்கரைக் காற்றையும் பனிநாட்டுச் சாலையையும் தாங்குமா என்று அறிவதற்கே இச்சோதனை. பனியே விழாத ஓசூரில், எங்கோ விழும் பனிக்காக ஓர் ஆணி உப்பில் நனைகிறது.

ஆணிக்குச் சோதனை உண்டு, ஆற்றுக்கு இல்லை. ஆற்றில் வாழும் உயிர்களுக்கு உப்பு என்ன செய்கிறது என்பதைப் பனிநாட்டு அறிஞர்களே முதலில் கண்டனர். உப்புக் கலந்த நீர் கனமானது. அது ஏரியின் அடியில் தங்கும். குளிர்நாட்டு ஏரிகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேல்நீரும் கீழ்நீருமாகப் புரண்டு கலப்பவை. அக்கலப்பினாலேயே மேலுள்ள உயிர்வளி அடிக்குச் செல்லும். அடியில் உப்புநீர் கனத்துக் கிடந்தால் கலப்பு நின்றுவிடும். நியூயார்க் மாநிலத்து இராச்செஸ்டர் நகரை ஒட்டிய ஐராண்டிகுவாய்ட் விரிகுடாவில் 1970களின் தொடக்கத்திலேயே இது பதிவாயிற்று. அடியில் வாழும் உயிர்கள் மூச்சின்றி மடியும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஏரி தெளிவாகவே தெரியும்.

நீரை வடிகட்டாமல் அருந்துவதில்லை என்னும் ஒழுக்கம் சமணக் குடும்பங்களில் வழிவழி வருவது. மடித்த பருத்தித் துணியில் நீரை வடித்து, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை முகந்த நீர்நிலையிலேயே மீள விடுவது அதன் முழுமையான முறை. (நரம்புச் சிலந்தி நோயை இந்தியா ஒழித்ததிலும் இவ்வாறு துணியால் வடிகட்டுவது பெரும்பங்கு பெற்றது. 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடென அறிவிக்கப்பட்டது.) துணியில் தங்குபவற்றுள் நீர்த்தெள்ளும் அதன் இனத்தவையும் உண்டு. கடுகினும் சிறியவை, பாசியைத் தின்று நீரைத் தெளிவாக்குபவை. உப்புக்கு முதலில் மடிபவை இவையே. நீர்வாழ் உயிர்களுக்காகக் கனடா வகுத்த நீண்டகால வரம்பு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. அமெரிக்கா வகுத்தது 230. வட அமெரிக்க, ஐரோப்பிய ஏரிநீரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெரும்பாலான இடங்களில் இவ்வரம்புகளுக்கு உட்பட்ட அளவிலேயே இவ்வுயிர்களுள் சில இனங்கள் பாதிக்கு மேல் அழிந்தமை தெரியவந்தது. அவை அழிந்த இடங்கள் பலவற்றில் பாசி பெருகியது. மனிதன் நாவோ லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில்தான் உவர்ப்பை உணரத் தொடங்கும். இந்தியத் தர நிறுவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதென வகுத்த அளவும் அதுவே. நாவுக்குத் தெரியுமுன் நீர்த்தெள்ளு மடிந்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

பனியில்லாத ஓசூரில் இப்பேச்சு எதற்கு என்று அவையோர் வினவலாம். மார்கழிப் பனிமூட்டத்தில் சூசூவாடிச் சோதனைச்சாவடியருகே வண்டிகள் விளக்கெரிய ஊர்ந்ததுண்டு, சாலை உறைந்ததில்லை. ஆயினும் உப்பு மூட்டைகள் ஓசூரிலும் நாள்தோறும் கரைகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மோட்டார் அறையில், 'சாஃப்ட்னர்' எனப்படும் கடினநீரை மென்னீராக்கும் கருவியின் அருகே, அவற்றை அடுக்கிவைத்திருப்பதைக் காணலாம்.

இக்கருவியின் இயக்கம் எளிது. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கருவிக்குள்ளிருக்கும் சிறு மணிகள் பற்றிக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் செறிந்த உப்புநீரைப் பாய்ச்சிக் கழுவவேண்டும். கழுவிய நீர் சாக்கடைக்கோ நிலத்துக்கோ போகிறது. குழாயில் வெண்படிவு நின்றது, சோப்பு நுரைத்தது, தலைமுடி கொட்டுவது குறைந்தது என்று இல்லத்தார் மகிழ்வர். கழிவுக் குழாய் எங்கே திறக்கிறது என்று பார்த்தவர் அருமை.

ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். 90 வீடுகளுள்ள குடியிருப்பு. நாளொன்றுக்கு 50,000 லிட்டர் நீர். அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம். அப்படியானால் நாளும் நீக்கவேண்டிய கடினத்தன்மை 30 கிலோ. அதற்கு வேதியியல் விதிப்படியே 35 கிலோ உப்பு வேண்டும். எந்தக் கருவியும் விதியளவோடு நிற்பதில்லை. நடைமுறையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குக் குறையாது. ஒரு மூட்டை உப்பில் 30 கிலோ குளோரைடு. உப்பே இல்லாத தூய நீர் 1,20,000 லிட்டரைக் குடிநீர் வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவர இது போதும். கோடையில் தெருவில் வந்து நிற்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் அது 10 லாரி நீர். ஆண்டு முழுவதும் சேர்த்தால் ஒரே குடியிருப்பிலிருந்து 18 டன் உப்பு. இது கட்டணச் சீட்டில் ஒரு சிறு வரியாகவே தெரியும்.

தலைமுறைகளாகச் சிறுகிணற்றை நம்பி வாழ்ந்த பக்கத்து வீட்டார்க்கு அவ்வரி வேறு வடிவில் வந்துசேரும். கிருட்டிணகிரி மாவட்டம் கடும்பாறை நிலம். நீர் பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. மணற்பாங்கான ஆற்றுப்படுகைபோல் இங்கு நிலத்தடியில் பெருந்தேக்கம் இல்லை. ஆகவே சேர்ந்த உப்பு நீர்த்துப்போக இடமும் குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த ஒன்று உடலை என்ன செய்யும் என்பதை இம்மாவட்டத்தாருக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இங்குப் பாறையிலிருந்து இயற்கையாகவே கரைந்துவரும் ஃபுளோரைடு, பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைத்தது. அதனாலன்றோ தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது! பாறை செய்ததற்கு மனிதன் பொறுப்பல்லன். மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதற்கு வேறெவர் பொறுப்பு?

தென்பெண்ணையாற்றுக்கு வருவோம். நந்திமலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, பெங்களூருவின் கிழக்குப்புறமாக இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெங்களூரு காவிரி நீரைக் குடிக்கும் நகரம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டிலேற்றிக் கொண்டுவந்த அந்நீரில் ஒரு பகுதி, பயன்பட்டபின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் இறங்குகிறது. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றிய செய்தியை அவையோர் படித்திருப்பர். அணையின் மதகைத் திறக்கும்போது கெலவரப்பள்ளியில் மலைபோல் எழும் வெண்ணுரையை நேரிலேயே கண்டிருப்பர். நுரைக்கு முதன்மைக் காரணம் சவர்க்காரப் பொருள்களும் சரிவரச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும். அது தொலைக்காட்சியில் வருகிறது. அதிகாரிகள் வந்து பார்க்கின்றனர். நுரை அடங்கிய பின்னும் நீரில் எஞ்சும் உப்பைப் படம்பிடிக்க இயலாது.

அவ்வுப்பு பெங்களூருவின் சோற்றிலிருந்தே வருகிறது என்றால் வியப்பாயிருக்கும். ஓர் ஆள் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு ஏறத்தாழ 10 கிராம். உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு அதில் பாதிதான். உண்ட உப்பு உடலில் தங்குவதில்லை, சிறுநீரில் வெளியேறும். ஒரு கோடிப் பேர் வாழும் நகரில் இது நாளுக்கு 100 டன். அதன்மேல் துணிதுவைக்கும் தூளில் நிரவலுக்குச் சேர்க்கும் சோடிய உப்பு, ஆலைகளின் உப்பு, சாஃப்ட்னர் உப்பு. இவற்றுள் ஒரு பகுதி மேற்கே அர்க்காவதி வழிக் காவிரிக்கும், மற்றொன்று கிழக்கே பெண்ணைக்கும் பிரிகின்றன. கழிவுநீர் நிலையங்கள் எல்லாம் செம்மையாக இயங்கி நுரை முற்றும் நின்றாலும், வழக்கமான சுத்திகரிப்பு முறை கரைந்த உப்பைத் தொடுவதேயில்லை.

பெண்ணை நீரால் விளையும் நிலங்களில் இதன் விளைவைப் பயிரிலேயே படிக்கலாம். கிருட்டிணகிரிக்குப் புகழ்தருவது மாம்பழம். மாவோ உப்பைத் தாங்காத மரம். குளோரைடு மிகுந்தால் இலையின் நுனியும் விளிம்பும் தீய்ந்ததுபோல் கருகும். ஓசூர்ப் பசுமைக்குடில்களின் ரோசாவும் அவ்வகையே. மண்ணின் நிலை இன்னும் நுட்பமானது. தமிழ் உழவர் உவர்நிலம் வேறு, களர்நிலம் வேறு என்று பிரித்தே பேசுவர். உப்புப் பூத்த நிலம் உவர். நல்ல நீர் கொண்டு கழுவினால் தேறும். சோடியம் ஏறிய நிலம் களர். அதில் களித்துகள்கள் பிரிந்து மண் இறுகி, பெய்த மழையும் உள்ளிறங்காது. ஜிப்சம் இட்டுப் பலகாலம் பாடுபட்டாலன்றி அது மீளாது. வேதியியல் தோன்றுமுன்பே இவ்விரு சொற்களையும் ஆக்கி வைத்தவர்கள் உழவர்கள்.

காலங்கடந்து விழித்தால் என்னாகும் என்பதற்கு நொய்யலாறு சான்று. அதன் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புநீர்த் தொட்டியானது. கீழே இருந்த வயல்களும் தென்னைகளும் கெட்டன. வழக்குகள் நடந்து, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டெடுக்கும் முறை வந்தது. உப்பின் ஒரு பகுதி மீண்டும் சாயமிடப் பயன்படுகிறது. எதற்கும் பயன்படாத கலப்புப்பு மூட்டைகளாக அடுக்கப்பட்டு நிற்கிறது. நீரை ஆவியாக்க எரியும் விறகும் மின்சாரமும் வேறு கணக்கு. கரைப்பதற்கு ஒருவனும் ஒரு நொடியும் போதும். பிரிப்பதற்கு ஆலை வேண்டும்.

பனிநாட்டார் இப்போது வேறு வழிகளை நாடுகின்றனர். கனடா 2001இல் சாலை உப்பை நச்சுப்பொருள் வரிசையில் சேர்க்கத்தக்கதென மதிப்பிட்டு, 2004இல் அதைக் கையாளும் நெறிமுறைகளை வெளியிட்டது. உப்பைக் குவியலாக வெளியில் வைக்காமல் கூரைக்கடியில் வைத்தல், பனி விழுமுன்பே உப்புநீராகத் தெளித்தல், சாலையின் வெம்மையை அளந்தபின் தூவுதல் ஆகியவை அவற்றுள் சில. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாலாடைக்கட்டி செய்து மிஞ்சிய உப்புநீரையே சில ஊர்கள் சாலையில் தெளிக்கின்றன. எப்படியும் கொட்டவேண்டிய நீருக்கு ஒரு வேலை கிடைத்தது. பீட்ரூட் சாற்றைக் கலப்பதும் உண்டு. அது ஓடையில் இறங்கினால் உயிர்வளியைக் குறைக்கும் என்பதால், அதிலும் மகிழ ஒன்றுமில்லை. உப்புக்கு முழுமையான மாற்று எவரிடமும் இல்லை. அளவைக் குறைத்தோரே வென்றனர்.

ஓசூர்க் குடியிருப்புச் சங்கங்களால் அது இயலும். கடிகாரத்தை வைத்து மூன்று நாளைக்கொருமுறை தானே கழுவிக்கொள்ளும் கருவியைவிட, ஓடிய நீரை அளந்து தேவையானபோது மட்டும் கழுவும் கருவி குறைந்த உப்பையே கேட்கும். மென்னீர் குளியலறைக்கும் துணிதுவைக்கும் இயந்திரத்துக்கும் போதும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் கடினநீரே தகும். தோட்டத்துக்கு அதுவே நல்லதும்கூட. ஒகேனக்கல் நீர் வரும் நாளில் கருவியைச் சுற்றிக் கடக்கும் மாற்றுக்குழாயைத் திறந்துவிட வேண்டும். கிணற்று நீரின் கடினத்தன்மையை ஆண்டுக்கு இருமுறை அளந்து கருவியைத் திருத்தும் வழக்கம் இல்லாத இடங்களில், விற்றவர் முதல்நாள் வைத்த அளவே பத்தாண்டானாலும் நிற்கிறது. ஆர்.ஓ. கருவி கழித்து விடும் நீரிலும் உப்புச் செறிந்திருக்கும். அதை ரோசாத் தொட்டியில் ஊற்றாமல் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

உப்பே இல்லாமல் வரும் நீர் ஒன்றுதான், அது மழை. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இல் கட்டாயமாக்கியது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில், ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீண்போனது நீங்க ஏறத்தாழ 60,000 லிட்டர் கிடைக்கும். அதைத் தொட்டியில் பிடித்துக் கிணற்று நீரோடு கலந்தால் கடினத்தன்மை குறையும். குறைந்த அளவுக்கு மூட்டையும் குறையும். நிலத்தில் இறக்கினால் கிணற்றிலுள்ள உப்பு நீர்க்கும்.

பெண்ணை கெலவரப்பள்ளியோடு நிற்பதில்லை. கிருட்டிணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், விழுப்புரம் எனச் சென்று கடலூரருகே கடல் சேர்கிறது. தொழில்தேடி ஓசூருக்கு வந்த குடும்பங்கள் சிலவற்றின் பூர்விகம் அப்பக்கமே. அங்கு இன்றும் பாட்டியர் கிணற்றடியில் நீரைத் துணியால் வடிக்கின்றனர்; வடித்த துணியை அலசி அதே கிணற்றில் விடுகின்றனர்.

ஓசூரில் செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை மிகும். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குழாய்களின் சருகை அகற்றவும், மோட்டார் அறையில் கழிவுக்குழாய் எங்கே போய்த் திறக்கிறதென்று பார்க்கவும் இரண்டு மணி நேரம் போதும். உடன் இளைஞர் இருவர் இருந்தால் மூட்டைகளையும் எண்ணிவிடலாம்.